உட்கார்ந்து எழுதுவதும் வேலைதான்

ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை டீக்கடையில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை: அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 2023-இல் செய்த வேலைநிறுத்தம் நியாயம்தான் என்றேன், கூட இருந்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் ஒரு வரி மூன்று நாளாக மனசை விட்டுப் போகவில்லை. "உக்காந்து எழுதுறவனுக்கு எதுக்குவே ஸ்ட்ரைக்கு?"

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரின் கடைசி சீசனுக்கு நானும்தான் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள், அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் பேனாவைக் கீழே வைத்ததில் அந்தப் படப்பிடிப்பும் தள்ளிப்போனது. அதை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் அன்றைக்கே சொன்னார்கள்: படப்பிடிப்பு தொடங்கினாலும் எழுத்து நிற்காது, வேலைநிறுத்தத்தின் நடுவில் தொடங்க முடியாது. தங்கள் தொடரே நிற்கும்போது அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். பார்த்துக் கைதட்டும் நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டது என்ன? டிவியில் ஒரு தொடர் மறுபடி ஓடினால் எழுதியவருக்கும் ஒரு பங்கு வரும். ஸ்ட்ரீமிங் வந்ததும் அந்தப் பங்கு சுருங்கிப்போனது. உலகமே பார்த்தாலும் எழுதியவருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் எழுத்தாளர் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், வேலை வாரங்களைக் குறைத்தார்கள், கடைசியில் ஏஐயும் வந்து நின்றது. உட்கார்ந்து எழுதுவதும் வேலைதான் என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள் எழுத்தாளர்கள், அவ்வளவுதான்.

"அவங்க கோடீஸ்வரங்க, நமக்கென்ன" என்றார் ஒரு அண்ணாச்சி. அந்த எழுத்தாளர் சங்கத்தில் 11,000 பேருக்கு மேல். எல்லாருமா கோடீஸ்வரர்கள்? அடுத்த வேலை எப்போது வரும் என்று தெரியாமல் வாடகை கட்டுகிறவர்கள்தான் அதில் நிறைய.

எங்கள் ஊர் முக்கூடல். அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றினாள். இலையை நனைத்து, தகட்டை வைத்து வெட்டி, மடியில் சுளகு, குனிந்த தலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடிக் கடையில் கொடுக்கும் இலை ஆயிரத்துக்குக் காணாது, குறைகிற இலையைக் காசு கொடுத்து வாங்கித்தான் கணக்கை முடிப்பாள். ஒப்படைக்கப் போனால் நல்ல பீடியையும் கழிவு என்று தள்ளுவார்கள். ஒருமுறை தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கூலி கேட்டபோது கடைக்காரர் சொன்னார், "வீட்ல நிழல்ல உக்காந்து சுத்துறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" அப்போது எனக்கு ஒன்பது வயது, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டதும் அதே வார்த்தை.

பீடியும் கதையும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை, எனக்கும் தெரியும். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்தவளின் முதுகு இன்றைக்கு நிமிரவில்லை.

அப்புறம், "நீயே டெலிகிராம்ல திருட்டுத்தனமா பார்த்தவன்தானே" என்றார்கள். ஆமாம், பார்த்தேன். தப்புதான், விட்டுவிட்டேன். அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

2007 நவம்பரில் தொடங்கி 100 நாள் அதே சங்கம் நடத்திய வேலைநிறுத்தத்தின்போது பிரேக்கிங் பேட் என்ற அமெரிக்கத் தொடரின் முதல் சீசன் ஏழு எபிசோடோடு நின்றது. அங்கே ரசிகர்கள் எழுத்தாளர்களைத் திட்டவில்லை. ஸ்டுடியோக்காரர்களுக்குப் பெட்டி பெட்டியாகப் பென்சில் அனுப்பினார்கள், மறியலில் நின்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனார்கள். இங்கே ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னதற்கு "அமெரிக்காக்காரனுக்குக் கொடி பிடிக்கான்" என்ற பேர். பன்னிரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் டீ குடித்தவர்கள் சொன்னது. வலிக்கத்தான் செய்கிறது.

2023 ஒப்பந்தத்தில் ஏஐ எழுதியதை எழுத்தாளர் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற உறுதியை எழுத்தாளர்கள் வாங்கிவிட்டார்கள். அதிகம் பேர் பார்த்தால் போனஸ் என்பதையும் வாங்கினார்கள். போராடாமல் கிடைத்திருக்குமா?

நேற்று ராத்திரி இதைப் போனில் ஒருவரிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டாள், "யாருக்குலே கூலி கொடுக்கல?"