இன்னும் எத்தனை தேதி மாற்றுவீர்கள்?

விடியற்காலை ஐந்தரைக்கே அம்மாவோடு பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி, பினாங்குத் தீவிலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். ஏழு மணிக்கு நம்பர் எடுத்தாச்சு. பதினொன்றரைக்கு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து, "இதய டாக்டர் இன்னைக்கு இல்ல ஆன்ட்டி, நாலு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். மூன்றாவது முறை! நெஞ்சுவலி நாலு மாசம் பொறுக்குமா? 5 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், சரி. பார்க்க டாக்டர் வேண்டாமா? மிஸ்ஸியைத் திட்ட மனசு வரவில்லை, பாவம், ஒருத்தியே மூன்று அறைக்கு ஓடுகிறார். டாக்டர் ஏன் இல்லை? 2016 கடைசியில் மலேசிய அரசாங்கம் புது டாக்டர்களை நிரந்தரமாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலை 26-இல் அந்தப் பிள்ளைகள் கறுப்பு உடையில் வெளிநடப்பே செய்தார்கள். நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லையென்றால் யார்தான் இங்கே தங்கிப் படித்து ஸ்பெஷலிஸ்ட் ஆவார்கள்? அம்மா கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லடா" என்கிறார். எனக்குப் பரவாயில்லை இல்லை!