பேவர் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண் தடம்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், பேவர் கல் பதித்த நடைபாதைக்கும் புல்தரைக்கும் நடுவே ஒன்றரை அடி அகலத்தில் ஒரு மண் தடம் இருக்கிறது. அதை யாரும் திட்டம் போட்டுப் போடவில்லை. முட்டி வலிக்காரர்கள் நான்கைந்து பேர் கல்லை விட்டு இறங்கி நடந்தோம். எங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள். புல் தேய்ந்து தடம் விழுந்துவிட்டது. கோயமுத்தூர்ப் பக்கம் எந்தப் பாதையையும் தடம் என்றுதான் சொல்வோம். தார் ரோடே ஆனாலும் "தடத்துல பார்த்துப் போ கண்ணு" என்பதுதான் பேச்சு. இது நிஜமாகவே கால் பட்டு விழுந்த தடம்.

அதிலும் அடுத்த மாதம் கல் பதிக்கப் போகிறார்களாம். அதற்காகத்தான் இந்த நீளமான பதிவு.

சித்திரை ஒன்று இந்த முறை திங்கட்கிழமை வந்ததால் சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் விடுமுறை. பெங்களூரிலிருந்து மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். மாப்பிள்ளையும் பேரனும் மூன்று நாளும் என்னோடு காலை நடைக்கு வந்தார்கள். மகள் வரவில்லை. அம்மா வீட்டில் வருகிற தூக்கம் வேறெங்கும் வராது, நானும் எழுப்பவில்லை.

இந்தச் சமயத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறேகால் மணி ஆகிவிடும். நாங்கள் ஐந்தே முக்காலுக்கே உள்ளே போய்விடுவோம். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும், குயில் அதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும். புங்க மரம் முழுக்கப் புதுத் தளிர். வேம்பு பூத்துக் கொட்டுகிறது. அந்த அரைமணி நேரத்துக்காக எத்தனை கொசுக்கடியையும் தாங்கலாம்.

சனிக்கிழமை இரண்டாவது சுற்றில் பேரன் கேட்டான்: "அமுச்சி, ரோடு அங்க இருக்கு, எல்லாரும் ஏன் மண்ணுல போறீங்க?" (இன்னும் அமுச்சி என்றே கூப்பிடுகிறான், பாட்டி ஆக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.) கல் மேல் பத்து நிமிடம், மண் மேல் பத்து நிமிடம் நடந்து பார்த்து நீயே சொல் என்றேன். ஒன்பது வயதுக் காலுக்கு எல்லாம் ஒன்றுதான். "ஒரே மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். நான் மருத்துவம் பேசவில்லை. மண்ணில் நடந்தால் மூட்டு தேயாது என்று எந்த உத்தரவாதமும் தரவில்லை. அறுபத்து மூன்று வயது முட்டி ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்வதைத்தான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை கையில் அடி எண்ணும் கடிகாரம். பத்தாயிரம் ஆகாமல் வீட்டுக்கு வரமாட்டார். அந்தப் பத்தாயிரம் வந்த கதை வேடிக்கையானது. 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மான்போ-கெய்' என்று பேர் வைத்தது. பத்தாயிரம் அடி அளவி என்று அர்த்தம். கருவிக்கு வைத்த பேர் உலகம் முழுக்க உடல்நலக் கணக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது அடிக்கணக்கு இல்லை, வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. இதை மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. விருந்துக்கு வந்தவரிடம் எதற்கு.

விடுமுறைக் கூட்டத்தைப் பற்றி வழக்கமாக வருகிறவர்களுக்கு ஒரே புலம்பல். குறுக்கே ஓடும் குழந்தைகள், நின்று நின்று செல்ஃபி, ஒருவர் சட்டைப்பையில் பாட்டு. எனக்கு அதில் பெரிய குறை இல்லை. வருடத்தில் நான்கு நாள் வருகிறவருக்கும் பூங்கா சொந்தம்தான். பாட்டை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம்.

தோட்ட வேலை பார்க்கும் அண்ணன்தான் கல் விஷயத்தைச் சொன்னார். "ஏனுங் டீச்சர், அடுத்த மாசம் இந்த மண்ணுலயும் கல்லுப் போட்டர்றாங்கொ. நல்லா நீட்டா ஆயிருமுங்க." அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். மண் தடத்தைப் பெருக்குவது அவருக்கு எத்தனை கஷ்டம் என்று எனக்கும் தெரியும். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு மூன்றாவது சுற்றுப் போக மனசு வரவில்லை.

நான் காங்கயம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல் இட்டேரியில்தான் நடை. இட்டேரி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உயிர்வேலி, நடுவில் வண்டி போகிற மண் தடம். வேலி முக்கால்வாசி கிளுவை. மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை, அதாவது கிளைத் துண்டை, வெட்டி வரிசையாக நட்டுவிட்டால் தழைத்துக்கொள்ளும், கம்பியும் வேண்டாம் கல்லுக்காலும் வேண்டாம். அதில் பிரண்டை ஏறும், கோவைக்கொடி ஏறும், முடக்கத்தான் ஏறும். அடியில் கௌதாரி குடும்பத்தோடு ஓடும். சூரைப்பழம் பறித்துத் தின்று பாவாடையெல்லாம் கறையாகி அமுச்சியிடம் அடி வாங்கியிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு: கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் காங்கயம் மாடுகள். மேய்க்க ஆள் கூட வேண்டாம், வேலியே காவல்.

இட்டேரி பக்கத்துக் காடுகளை விடக் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். மழை பெய்தால் தண்ணீர் அதில் இறங்கி ஓடும், ஓடுகிற வழியிலேயே பாதி மண்ணுக்குள் போய்விடும். வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் மழையே அதிகம் என்று இருக்கிற மழைமறைவு ஊரில் இது சின்ன விஷயமா? இன்றைக்கு எங்கள் ஊர் இட்டேரி தார் ரோடு. கிளுவை போய்க் கம்பி வேலி வந்துவிட்டது. ரோடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆம்புலன்ஸ் வரவேண்டும், பால் வண்டி வரவேண்டும். ஆனால் ஆம்புலன்ஸும் பால் வண்டியும் வராத பூங்காவுக்குள் மண் தடம் யாருக்கு இடைஞ்சல்?

சனி சாயங்காலம் நல்ல கோடை மழை. ஞாயிறு காலை மண் தடம் ஒரே சேறு. உள்ளதைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு எல்லாரும் கல்லுக்குத்தான் போனோம். பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவதும் அந்தக் கல் இருப்பதால்தான். அதனால் கல்லைப் பேர்த்துவிடுங்கள் என்று நான் கேட்கவே இல்லை. கல் இருக்கட்டும், அந்த ஒன்றரை அடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன்.

மழைக்கு அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கல் பாதையில் விழுந்த தண்ணீர் வாசல் வரை வழிந்து சாக்கடைக்குப் போன தடயம் அப்படியே இருந்தது. வேப்ப மரத்தைச் சுற்றி மண் இருக்கிற இடத்தில் ஊறிவிட்டது. கல் பதித்த பக்கம் இருக்கிற புங்க மரத்துக்கு அடிமரம் வரை கல்தான், ஒரு சொட்டு உள்ளே இறங்க வழியில்லை. 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கிற கான்கிரீட்டை எடுக்கச் சொல்லி உத்தரவே போட்டது. நம் மரத்துக்கும் வேர் அதே வேர்தானே? கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் நடக்கிறவர்களைக் கேளுங்கள், முதலில் மரத்தைத்தான் சொல்வார்கள். தரையில் என்ன பதித்திருக்கிறது என்பதற்காகக் காரெடுத்துக்கொண்டு அங்கே போகிற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை சித்திரைக்கனி. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் விஷு, இந்தப் பக்கம் எங்களுக்குக் கனி காண்கிற நோம்பி. ராத்திரியே கண்ணாடி முன்னால் மாம்பழம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, என் கழுத்துச் சங்கிலி, சில்லறைக் காசு எல்லாம் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பேரன் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து காட்டி, கைநீட்டம் கொடுத்துவிட்டுத்தான் நடைக்குக் கிளம்பினோம். வேப்ப மரத்தடியில் இரண்டு பெண்கள் பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்கிப் பூ சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பச்சடிக்கு ஒரு கை வாங்கிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் பேரனைக் காணோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், மழை படாத புழுதியில் குப்புறப் படுத்திருந்தான். குழியானை. புனல் மாதிரி ஆறேழு குழிகள். ஒரு எறும்பு சறுக்கி உள்ளே விழுந்ததும் கீழேயிருந்து மண் தெறித்ததைப் பார்த்து அலறிவிட்டான். குழியை ஊதி, அடியில் ஒளிந்திருந்த குழியானைப் புழுவை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினேன். பின்பக்கமாகவே நகர்வதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாப்பிள்ளையும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் கடிகாரம் நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

அந்தத் தொட்டி அடியும் கல் பதிக்கிற பட்டியலில் இருக்கிறதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். மூன்றே கோரிக்கை: மண் தடத்தை அப்படியே விடுவது, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் திறப்பது, முடிந்தால் பின் சுவர் ஓரம் பத்தடிக்குக் கிளுவை வேலி. போத்து நான் ஊரிலிருந்து கொண்டுவருகிறேன். இதுவரை பதினான்கு கையெழுத்து. தோட்டக்கார அண்ணனும் போட்டார், "எனக்குப் பெருக்கற வேல எச்சாத்தானுங் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே. நம் பகுதிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், காலை ஆறு மணிக்குப் பின்வாசல் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.