கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வார்டு மெம்பர் பேசலாமா?

ஊரில் ஆலை, சுரங்கம் போன்ற திட்டம் வரும்போது, அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் இது. தாராளமாகப் பேசலாம். "நீங்க பதவியில இருக்கீங்க, பொதுமக்கள் மட்டும் பேசட்டும்" என்று யாராவது உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 4ஆம் பின்னிணைப்பு, வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தரச் சொல்கிறது. பஞ்சாயத்தில் பதவி வகிப்பவருக்கு மட்டும் தடை என்று அதில் எங்கும் இல்லை.

யாருக்காகப் பேசுகிறோம் என்பதில்தான் சிக்கல் வரும். தலைவர் எழுந்து "எங்க ஊராட்சி இந்தத் திட்டத்தை வரவேற்கிறது" என்கிறார். தீர்மானம் இருக்கிறதா, எண் என்ன, என்றைக்குப் போட்டது? இல்லையென்றால் அது அவருடைய சொந்தக் கருத்து, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு வார்டு மெம்பர் எழுந்து, "அப்படி ஒரு தீர்மானம் போடவில்லை, இதையும் பதிவு செய்யுங்கள்" என்று சொன்னால், பத்து நிமிட உரையை விட அது கனமானது. எதிர்ப்பவருக்கும் இதே கணக்குதான்: தீர்மானம் இருந்தால் நகலை நீட்டுங்கள், இல்லாவிட்டால் "என் சொந்தக் கருத்து" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

கை தூக்கச் சொல்லி எண்ணினால் மயங்க வேண்டாம். இது வாக்கெடுப்பு இல்லை, குறைந்தபட்ச வருகைக் கணக்கும் கிடையாது. டெல்லியிலோ சென்னையிலோ அனுமதிக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழு பார்ப்பது, என்ன பிரச்சினை எழுப்பப்பட்டது, நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பதைத்தான். அதனால் "ஊரே அழிந்துவிடும்" என்பதை விட, "வரைவு அறிக்கையில் (திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி நிறுவனம் தரும் அறிக்கை) இத்தனையாம் பக்கத்தில் எங்கள் ஏரி விடுபட்டிருக்கிறது" என்பது வேலை செய்யும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்கும். அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். போய் வாசியுங்கள்.

மைக்கைப் பிடுங்கிக் கூட்டத்தைக் கலைப்பது வீரமாகத் தெரியலாம். ஆனால், சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் அங்கே இல்லை என்று கூட்டம் நடத்தும் அதிகாரிகள் மேலே எழுதி அனுப்பினால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அதே அறிவிக்கையில் வழி இருக்கிறது. நிறுவனத்துக்கு அதை விட என்ன வேண்டும்?

பேசி முடித்ததும் பாதிக் கூட்டம் பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடும். நீங்கள் இருங்கள். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும், ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். உங்கள் கருத்து விடுபட்டிருந்தால், கையெழுத்து விழும் முன்பே எழுந்து சொல்லுங்கள். கையில் எழுத்து மனு இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியிடம் கொடுத்து, மற்றதில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.