ஒரே வள்ளத்தில் போன அண்ணன் தம்பி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷமாகிறது. கை கால் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் ஒக்கி புயலில் கூட்டாளிகளைப் பறிகொடுத்தபோதுகூட கண்கலங்காத மனுஷன், இப்போது டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் விம்மி அழுகிறார். "எனக்கு சங்கடம் ஒண்ணும் இல்ல மக்கா, கண்ணுதான் சும்மா அழுவுது" என்கிறார். மூளையில் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாததால், அழுகையை அடக்கி வைக்கும் பிடி தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மனசு உடம்புக்கு வெளியே தனியாக எங்கோ இருக்கிறது என்று அதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

எஞ்சினியரிங் படிக்கும் என் மச்சினன் இதைப் பிடித்துக்கொண்டான். "அப்பம் மனுசனும் மெஷின்தானே அத்தான்? டேட்டா கெடச்சா யாரு என்ன செய்வான்னு முன்னாடியே சொல்லிரலாம்." 1814-ல் பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் உலகம் முழுவதையும் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம் உண்டு என்பது வேறு, முன்கூட்டிச் சொல்லலாம் என்பது வேறு. வானிலையில் இயற்பியலைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் 1961-ல் வானிலை விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி மாதிரியில் 0.506127 என்பதை 0.506 என்று சுருக்கிக் கொடுத்ததும், கொஞ்ச நேரத்தில் முற்றிலும் வேறு வானிலை வந்து நின்றது. நம் தலைக்குள்ளோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு வெறும் 302தான். அதன் நரம்பிணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அந்தப் புழுவைப் பற்றியே இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மச்சினன் 2008-ல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினான். இடது பொத்தானா வலது பொத்தானா, எதை அழுத்துவார்கள் என்று மூளை ஸ்கேனை வைத்துச் சில விநாடிகளுக்கு முன்பே கணித்திருக்கிறார்கள். சரியாக வந்தது சுமார் 60 சதவீதம். காசு சுண்டினாலே 50 வருமே!

எங்கள் ஊரில் ஒரு அண்ணனும் தம்பியும். ஒரே தாய் வயிறு, ஒரே வள்ளம். ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30 அன்று ஒரே பலகையைப் பிடித்து மிதந்து தப்பியவர்கள். அண்ணன் துணிச்சல்காரர், அவர் மறுபடி கடலுக்குப் போவார், தம்பி போகமாட்டான் என்றுதான் ஊரே நினைத்தது. கிறிஸ்துமஸ் கழிந்ததும் தம்பி தொழிலுக்கு இறங்கினான். அண்ணன் இன்றுவரை கரையில் வலை பின்னுகிறார்.

எனக்குப் பதறுவது வேறொன்றுக்கு. எந்த மாணவன் தோற்பான் என்று முன்கூட்டியே சொல்லும் சாஃப்ட்வேர்தான் மச்சினனின் புராஜெக்ட். நான் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவன். "நீ பெய்வாய்" என்று மேகத்திடம் சொன்னால் மேகத்துக்கு ஒன்றும் ஆகாது. "நீ தேறமாட்டாய்" என்று பையனிடம் சொன்னால் அந்தச் சொல்லும் அவன் மூளைக்குள் ஒரு காரணமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருவன் அதிலேயே உடைந்துபோவான், இன்னொருவன் வீம்புக்குப் படிப்பான். இரண்டையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பெயருக்கு நேரே 'தோல்வி' என்று காட்டாதே, எந்தப் பாடத்தில் யாருக்குத் துணை வேண்டும் என்று மட்டும் காட்டு என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் அத்தான் என்றிருக்கிறான்.