எல் காப்பிட்டன் விபத்து: பாராசூட் பழுதாகவில்லை

1999 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் எல் காப்பிட்டன் பாறையிலிருந்து பாராசூட்டுடன் குதித்த ஜான் டேவிஸ் (Jan Davis) என்ற பெண் உயிரிழந்ததற்கு, பழுதான பாராசூட்டே காரணம் என்று, சாதனப் பழுதால் நேர்ந்த மரணங்களின் பட்டியல் ஒன்றில் எழுதப்பட்டிருக்கிறது. பாராசூட் விரியவில்லை என்பது உண்மை. பழுது என்பதுதான் தவறு.

பாறை முகட்டிலிருந்து குதிப்பவர் முதலில் ஒரு சிறு குடையை உருவிக் காற்றில் வீச வேண்டும். அதுதான் பெரிய குடையை உறையிலிருந்து இழுத்து விரிக்கும். டேவிஸ் பழகியிருந்த சாதனத்தில் அந்தச் சிறு குடை முதுகுப்புறம் இருந்தது. அன்று அவர் அணிந்திருந்த இரவல் சாதனத்திலோ அது கால் பகுதியில் இருந்தது. பூங்காவில் குதிப்பதற்குத் தடை இருந்ததால், இறங்கியதும் காவலர்கள் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று எண்ணியே அவர் தம்முடைய சாதனத்தைத் தவிர்த்திருந்தார். ஏறத்தாழ 900 மீட்டர் உயரப் பாறையிலிருந்து விழும் சில வினாடிகளுக்குள், பழக்கத்தில் முதுகுக்குப் போகும் கையைக் காலுக்குத் திருப்புவது தேர்ந்தவர்களுக்கும் எளிதன்று. அவருக்கு முன் குதித்த மூவரும் நலமாகவே இறங்கினர்.

அதே ஆண்டு ஜூனில் இறந்த ஃபிராங்க் கம்பாலியையும் இப்பட்டியலில் சேர்த்திருப்பது இன்னும் வருத்தமளிக்கிறது. அதே பாறையிலிருந்து குதித்துப் பத்திரமாகத் தரையிறங்கிய அவர், காவலர்களிடமிருந்து தப்ப முயன்று மெர்செட் ஆற்றில் மூழ்கி இறந்தார். அக்டோபரில் டேவிஸும் மற்றவர்களும் குதித்ததே ஒரு போராட்டமாகத்தான்; அது அம்மரணத்தை முன்னிட்டும் தடையை எதிர்த்தும் நடந்தது. இவ்விரு மரணங்களையும் சாதனப் பழுதுக்குச் சான்றாகக் காட்டும் வரிகளைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.