பீமில் துளை: நடு உயரம் என்றால் போதுமா?

"பீமின் நடு உயரத்தில் துளை போட்டால் பிரச்சினையில்லை, கீழ்க்கம்பி வெட்டுப்படாதுதானே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தது பாதிதான் சரி. கீழ்க்கம்பி தாங்குவது வளைவை. தூணுக்குக் கிட்ட கவனிக்கவேண்டியது வெட்டுவிசை, அதாவது பீமைக் குறுக்கே வெட்டப்பார்க்கும் விசை. அங்கே சுமை நடு உயரத்துக்கூடாகத்தான் சாய்வாகத் தூணுக்கு இறங்குகிறது. அந்த வழியில் 4 அங்குலப் பைப்புக்குத் துளைத்தால் கொங்கிறீற்றும் போச்சு, நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியும் போச்சு.

கிளிநொச்சியில் ஒரு வீட்டில் பார்த்தேன். குளியலறைப் பைப்புக்காக, தூணிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சதுரமாகக் கொத்தியிருந்தார்கள். அதன் தூண்பக்கக் கீழ்மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. பூசி மறைத்திருந்தார்கள், பூச்சும் வெடித்துவிட்டது.

சுமை சீராகப் பரவிய சாதாரண பீமின் நீளத்தில் நடுப்பகுதியில் வெட்டுவிசை குறைவு. அங்கே, நடு உயரத்தில், சின்ன வட்டத் துளை என்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூலை இல்லாததால் வட்டம் சதுரத்தைவிட நல்லது. அதையும் கொங்கிறீற்று போட முன்னரே பைப்பை வைத்து, இரு பக்கமும் வளையங்களை நெருக்கி, சாய்வுக் கம்பியும் கட்டிச் செய்யவேண்டும். பெரிய நீள்சதுரத் துளை என்றால் கதையே வேறு: துளைக்கு மேலும் கீழும் இரண்டு மெல்லிய பீம்கள் மாதிரி வேலைசெய்யும், தொய்வும் கூடும். அதை மேசன் கண்மதிப்பில் முடிவுசெய்ய முடியாது.