பாப்பாவின் சுருட்டை முடியும் ஒரு பென்சிலும்

போன வாரம் தங்கச்சி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, டிசம்பர் லீவுல பாப்பாவுக்கு முடியை ஸ்ட்ரெய்ட் பண்ணிடலாம்னு இருக்கேன். கெரட்டின்தான், ரிலாக்ஸர் இல்ல. நல்ல சலூன் ஏதாவது தெரியுமா?" பின்னாலிருந்து பாப்பா, "பெரிமாகிட்ட நான் பேசறேன், நான் பேசறேன்" என்று குதிக்கிற சத்தமும் கேட்டது. பாப்பாவுக்குப் பதினொரு வயது. கெரட்டின், ரிலாக்ஸர் இரண்டுமே முடியை நீட்டுகிற ரசாயன முறைகள்.

உடனே பதில் போட்டிருந்தால் சண்டையாகியிருக்கும். ஒரு வாரம் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். அவள் படிப்பாள் என்று தெரிந்தேதான் பொதுவில் எழுதுகிறேன், ஏனென்றால் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரத்தில், இதே கேள்வி எத்தனை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் பதில்: வேண்டாம். பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ரசாயனம் எதுவும் அந்தத் தலையில் படக்கூடாது. கல்யாணத்துக்கு ஒரு நாள் ப்ளோ-ட்ரை செய்து நீட்டிக்கொள்ளட்டும். தண்ணீர் பட்டால் பழையபடி ஆகிவிடுகிற எதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாப்பாவுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? வகுப்பில் யாரோ "மாப்" என்று கூப்பிட்டார்களாம். சரி, பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் போன தீபாவளியன்று நம் வீட்டு மாமா ஒருவர் அவள் தலையைத் தடவி, "நம்ம குடும்பத்துக்கு இந்த க்ரூஸ் முடி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டாரே, அது? எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: க்ரூஸ் என்பது ஆஃப்ரிகான்ஸ் சொல். இறுக்கமாகச் சுருண்ட முடிக்குப் பெயர். இந்த நாட்டில் யாரும் அதைப் பாராட்டாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கிறது. 1950-ல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் எல்லோரையும் இனவாரியாகப் பிரித்து எழுதிவைத்தது. வெள்ளையரா, கலப்பினமா என்று சந்தேகம் வந்தால் சில அதிகாரிகள் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். நழுவி விழுந்தால் வெள்ளை. சிக்கி நின்றால் இல்லை. சாண்ட்ரா லைங் என்ற சிறுமி வெள்ளைக்காரப் பெற்றோருக்குப் பிறந்தவள். தோல் நிறத்தையும் சுருள் முடியையும் காரணம் காட்டி 1966-ல் அவளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அப்போது அவளுக்கு வயது பத்து. நம் பாப்பாவைவிட ஒரு வயது சின்னவள். அந்தச் சட்டம் போனது 1991-ல்தான். நானெல்லாம் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள்.

நம் ஆட்களை இந்தியர் என்று எழுதிவிட்டதால் நமக்குப் பென்சில் பெரும்பாலும் தேவைப்படவில்லை. ஆனால் எந்த முடிக்கு என்ன விலை என்பது நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. டர்பனில் நம் ஆட்கள் வாழ்ந்த சாட்ஸ்வொர்த் சமையலறைகளிலும் தெரிந்திருந்தது. 2016-ல் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் தங்கள் ஆஃப்ரோ முடிக்காக, இயல்பாகச் சுருண்டு எழும்பி நிற்கிற முடிக்காக, போராடி நின்றார்களே, முன்னால் நின்ற ஸுலைக்கா பட்டேலுக்குப் பதின்மூன்று வயது. அன்று என் அத்தை மகன் டிவியைப் பார்த்து, "இது அவங்க பிரச்சனை" என்றான். அவன் பெண்டாட்டி மாதம் தவறாமல் சலூனில் உட்கார்ந்திருக்கிறாள். யார் பிரச்சனையோ!

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். எங்கிருந்து வந்தது? 1860-ல் மதராஸிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து இறங்கியது முதல், நாம் வந்த அதே கப்பல்களில்தான் வந்தது. தமிழில் சுருள் முடிக்குத் தனிச் சொற்களே உண்டு: சுரியல், அளகம், சுரிகுழல். இல்லாத ஒன்றுக்கு யாரும் மூன்று பெயர் வைக்க மாட்டார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் வாத்தியார் 'அறல்' என்ற சொல்லைச் சொல்லித்தந்தார். ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு மணலில் வரிவரியாக நெளிந்து கிடக்குமே, அது. சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு அதைத்தான் உவமையாக வைத்தார்கள். எனக்கு அப்போது புரியவில்லை. பின்னொரு நாள் ப்ளூ லகூனில், உம்கேனி ஆறு கடலில் சேருமிடத்தில், தண்ணீர் இறங்கியிருந்த நேரம் மணலைப் பார்த்தேன். அட, என் தலை!

அதோடு, வேறெங்கிருந்தாவது வந்திருந்தால்தான் என்ன? நம் குடும்பத்தில் யாருக்கும் தெரியாமல் ஸூலு இனத்து ஆப்பிரிக்கக் கொள்ளுப்பாட்டி ஒருவர் இருந்திருந்தால் மாமாவுக்கு எங்கே வலிக்கிறது? இதைத் தீபாவளியன்றே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது என் கதை. தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது, நினைவிருக்காது. எனக்குப் பதினாலு. அக்கம்பக்கத்தில் முடி பார்க்கிற அக்கா ஒருவர் எங்கள் சமையலறை நாற்காலியில் என்னை உட்காரவைத்து, காது ஓரமெல்லாம் வாஸ்லின் தடவி, வெள்ளை ரிலாக்ஸர் களிம்பைப் பூசினார். கொஞ்ச நேரத்தில் கேட்டார்: "எரியுதா?" "எரியுது அக்கா." "அப்போ பிடிக்குதுன்னு அர்த்தம், அசையாம இரு." அசையாமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காதுக்குப் பின்னால் நீர் வடிந்து தலையணையோடு முடி ஒட்டிக்கொண்டது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினார்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த இரண்டு வாரம் நான் ராணி. தலையைத் திருப்பினால் முடி முதுகில் பட்டுப் பட்டென்று விழும். பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காற்றில் பறக்கவிட்டேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. பாப்பாவுக்கு அது வேண்டும் என்றால் எனக்குப் புரிகிறது.

பிறகு வேர் வளர்ந்தது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். மேலே சுருட்டை, கீழே கம்பி. இரண்டும் சேருகிற இடத்தில்தான் உடையும். உடையாமலிருக்க மறுபடி களிம்பு. மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதும்போது காதுக்குக் கீழே முடியே இல்லை. வகுப்புப் படத்தில் பார்க்கலாம், நான்தான் அந்தக் கடைசி வரிசை ஸ்கார்ஃப்.

ரிலாக்ஸர் என்ன செய்கிறது என்று யாரும் அன்று சொல்லவில்லை. முடி கெரட்டின் என்ற புரதம். அதிலுள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து முடியின் வடிவத்தைப் பிடித்துவைக்கின்றன. களிம்பிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு அந்தப் பிணைப்பை அறுக்கிறது. சாக்கடை அடைப்புக்கு ஊற்றுகிற காஸ்டிக் சோடா இருக்கிறதே, அதேதான், அளவுதான் குறைவு. அறுத்தது திரும்பப் பழையபடி சேராது. "நோ-லை" (லை என்றால் காஸ்டிக் சோடா) என்று போட்டு விற்பவற்றில் காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாகக் கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்துகொள்வார்கள். பெயர் கேட்கச் சாது. கேப் டவுன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவ ஆய்வாளர்கள் கடைகளில் விற்கும் ரிலாக்ஸர்களை அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். அமிலமா காரமா என்று காட்டுகிற பி.எச். அளவு தண்ணீருக்கு 7. 11.5 வந்தாலே தோலை அரிக்கும் என்று கணக்கு. ரிலாக்ஸர்களில் பெரும்பாலானவை 12-ஐத் தாண்டின. லையும் நோ-லையும் ஒன்றுபோலத்தான். பெட்டியில் சிரிக்கிற குழந்தைப் படம் போட்டு விற்பவையும் அதே கதை.

"கெரட்டின்தான், ரிலாக்ஸர் இல்ல" என்கிறாள் தங்கச்சி. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பேரைக் கேட்டால் ஏதோ முடிக்குச் சத்துணவு ஊட்டுவது மாதிரி இருக்கிறது. நீட்டுகிற வேலையைச் செய்வது கெரட்டின் அல்ல, ஃபார்மால்டிஹைடு, அல்லது சூட்டில் அதை வெளிவிடுகிற வேறொரு பொருள். உயிரியல் ஆய்வகத்தில் தவளையைப் போட்டுவைக்கும் ஃபார்மலின் ஞாபகம் இருக்கிறதா? அதன் ஆவி. மேலே இருநூறு டிகிரியைத் தாண்டிய இரும்பை வைத்து இழுத்தால் கண் எரிந்து தண்ணீர் கொட்டாமல் என்ன செய்யும்? மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அதை வகைப்படுத்திவிட்டது. "ஃபார்மால்டிஹைடு இல்லை" என்ற லேபிளை நம்பலாமா? நம் நாட்டில் விற்கிற பிரேசிலியன் கெரட்டின் வகைகளைச் சோதித்தபோது, அப்படி லேபிள் ஒட்டியவற்றிலேயே அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு இருந்தது. சமீபத்தில் அதற்குப் பதிலாக வந்திருக்கிற கிளையாக்சிலிக் அமிலத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி 2024-ல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சலூன் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவள் அந்தப் புகையை நாள் முழுக்க, வாரத்தில் ஆறு நாள் சுவாசிக்கிறாள். அவள்மேல் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. முடி நீட்டும் ரசாயனம் பயன்படுத்தாதவர்களில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05. பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. நூற்றில் தொண்ணூற்றாறு பேருக்கு ஒன்றும் வராது, ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவும் இல்லை. என் கண் நின்றது 'அடிக்கடி' என்ற சொல்லில். வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் என்று அதற்கு அர்த்தம். வேர் வளர வளர எட்டு வாரத்துக்கு ஒரு தடவை ரிலாக்ஸர் என்று வைத்துக்கொண்டால் பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை சுமார் 45 தடவை. கெரட்டின் என்றால் கொஞ்சம் குறையும், மூன்று நாலு மாதத்துக்கு ஒன்று. "ஒரே ஒரு தடவை" என்று எந்தச் சலூனிலும் எதுவும் முடிவதில்லை.

இனி, தங்கச்சி, உனக்கே நேராகச் சொல்கிறேன். உன் வீட்டில் பிரச்சனை முடி கூட இல்லை, காலை ஆறரை மணி. பள்ளி வண்டி ஹார்ன் அடிக்கிறது, நீ காய்ந்த முடியில் பிரஷ்ஷை விட்டு இழுக்கிறாய், பிள்ளை அலறுகிறாள், முடி பந்தாக எழும்பி நிற்கிறது. சுருட்டை முடியைக் காய்ந்தபின் வாரினால் யார் தலையும் அப்படித்தான் நிற்கும். அதுவும் டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில்! கேப் டவுன் தோழி ஒருத்தி தன் முடி மறுபடி சுருளும்போது "வீட்டுக்குப் போயிடுச்சு" என்பாள். எவ்வளவு சரியான பேச்சு.

நம் ஆயா, நம் பாட்டி, என்ன செய்தார்? ஞாயிறு சாயங்காலம், ஈரத் தலையில், பெரிய பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேலே. எண்ணெய் தடவி இரண்டு பின்னல். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது யாரும் சீப்பையே தொட மாட்டார்கள். இன்று கண்டிஷனர் இருக்கிறது, அவருக்கு அது இல்லை. தலை முழுக்கக் கண்டிஷனரைப் போட்டுச் சிக்கெடு, டவலால் தேய்க்காதே, பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒத்தி எடு, ராத்திரி சாட்டின் துணி கட்டிப் படுக்கவை. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பாப்பா போனில் ஏதாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசியாக ஒன்று, கோபப்படாமல் கேள். நீ பதினாறு வருடமாக நீட்டிக்கொண்டிருக்கிறாய். உன் தலை, உன் காசு, நான் ஒன்றும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் பாப்பா போன மாதம் என்னிடம், "அம்மாவுக்கு நேர் முடி, எனக்கு மட்டும் ஏன் பெரிமா இப்படி?" என்று கேட்டாள். உன் சொந்த முடியை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், அப்பா பக்கத்து முடி என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். உன் புருஷனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. ஆயாவின் சீப்பு என்னிடம்தான் இருக்கிறது, இரண்டு பல் உடைந்திருக்கிறது, பரவாயில்லை. உன் எட்டு வயதுப் படமும் இருக்கிறது, காது தெரியாத அளவுக்குச் சுருட்டை, முன்பல் இல்லை. அதை அவளிடம் காட்டலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.